பயாஸ் கோப்பு எங்கிருந்து வர வேண்டும்? பழைய கன்சோல் எமுலேட்டருக்கு உள்ள வழிகள், ஓர் ஒப்பீடு

எமுலேட்டரை, அதாவது பழைய கன்சோலைப் போல நடிக்கும் கணினி நிரலை, நிறுவியாகிவிட்டது. சொந்த டிஸ்க்கிலிருந்து கேமையும் கோப்பாக எடுத்தாகிவிட்டது. திறந்தால் கருப்புத் திரை. இல்லையென்றால் "பயாஸ் கிடைக்கவில்லை" என்று ஒரு வரி. இந்த இடத்தில் மாட்டிக்கொள்பவர்கள் உடனே தேடுவது "பயாஸ் எங்கே கிடைக்கும்" என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: நான் ஆட நினைக்கும் கன்சோலுக்கு, நான் வைத்திருக்கும் எமுலேட்டரில், பயாஸ், அதாவது கன்சோலுக்குள் பதிந்திருக்கும் தொடக்க நிரல், தேவைதானா? பல சமயம் தேவையே இருக்காது. தேவைப்படும் இடங்களிலும் கன்சோலுக்குக் கன்சோல் நல்ல வழி மாறுகிறது. பிஎஸ்2-க்குச் (பிளேஸ்டேஷன் 2) சரியான வழி கேம்பாய் அட்வான்ஸுக்கு வீண் வேலை. கேம்பாய் அட்வான்ஸுக்குப் போதுமானது சேகாவின் சாட்டர்னில் காலை வாரிவிடும்.

## பயாஸ் என்ன வேலை செய்கிறது

நெஸ், சூப்பர் நெஸ், மெகா டிரைவ் போன்ற கார்ட்ரிட்ஜ் கன்சோல்களில் மின்சாரம் வந்ததும் கார்ட்ரிட்ஜில் இருக்கும் நிரல் நேராக ஓடத் தொடங்கிவிடும். இடையில் யாரும் இல்லை. அதனால் இவற்றின் எமுலேட்டர்கள் பயாஸ் கேட்பதில்லை. சிடி வந்ததும் நிலைமை மாறியது. டிஸ்க்கைச் சுழற்று, படி, எந்தப் பிராந்தியத்து டிஸ்க் என்று பார், மெமரி கார்டில் எழுது என்று பல வேலைகள் சேர்ந்துகொண்டன. ஒவ்வொரு கேமும் அதைத் தனித்தனியாக எழுத முடியாது. ஆகவே கன்சோலுக்குள் ஒரு சிறிய சிப்பில் பொதுவான நிரலை வைத்தார்கள். அதுதான் பயாஸ்.

1994 டிசம்பரில் ஜப்பானில் வந்த பிளேஸ்டேஷனில் (பிஎஸ்1) அது 512 கேபி. பிஎஸ்2-ல் 4 எம்பி. கேம்பாய் அட்வான்ஸில் வெறும் 16 கேபி. அட்டாரி லிங்க்ஸில் 512 பைட், அதாவது ஒரு பத்தி எழுத்தைவிடச் சிறியது. இத்தனை சிறிய கோப்பு இல்லாமல் முழு எமுலேட்டரும் நின்றுபோகும் என்பது முதலில் நம்புவதற்குக் கடினமாகத்தான் இருக்கும்.

கேம் ஓடும்போதும் பயாஸ் சும்மா இருப்பதில்லை. கேம்பாய் அட்வான்ஸ் கேம்கள் "இந்த எண்ணை வகுத்துக் கொடு", "சுருக்கி வைத்த இந்தப் படத்தை விரித்துக் கொடு" என்று அதைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். பிஎஸ்1 கேம்கள் மெமரி கார்டு, கோப்பு, நிகழ்வு எல்லாவற்றுக்கும் பயாஸின் கெர்னலை, அதாவது அதன் மையப் பகுதியை, நம்பியிருக்கும். கீழே வரும் வழிகள் எல்லாம் "இந்தக் கூப்பிடலுக்கு யார் பதில் சொல்வது" என்ற ஒரே கேள்விக்கான வெவ்வேறு பதில்கள்.

## எதை வைத்து அளக்கலாம்

நான் பார்ப்பது இவற்றை:

- பொருத்தம்: எத்தனை கேம்கள் தொல்லையில்லாமல் ஓடும்?
- சேமிப்பு: இன்று சேமித்த ஆட்டம் வழி மாறினாலும் திறக்குமா? இதை யாரும் முதலில் யோசிப்பதில்லை, பிறகு வருந்துவது இதற்குத்தான்.
- உழைப்பு: கூடுதல் வன்பொருள் வேண்டுமா, எத்தனை மாலைகள் போகும்?
- நம்பகம்: கையில் இருக்கும் கோப்பு உண்மையிலேயே அதுதானா என்று சரிபார்க்க முடியுமா?
- உரிமை: பதிப்புரிமை விஷயத்தில் நிம்மதியாக இருக்க முடியுமா?

வேகத்தைப் பட்டியலில் சேர்க்கவில்லை. பயாஸ் மாறியதால் வேகம் கண்ணுக்குத் தெரியுமளவு மாறி நான் பார்த்ததில்லை. தொடக்க லோகோ வராமல் சில நொடி மிச்சமாகலாம், அவ்வளவுதான்.

## வழி 1: எமுலேட்டருக்குள்ளேயே இருக்கும் மாற்று

இதை எச்எல்இ (உயர்நிலை எமுலேஷன்) என்பார்கள். உண்மையான பயாஸ் நிரலை ஓட்டாமல், கேம் பயாஸைக் கூப்பிடும் இடத்திலேயே எமுலேட்டர் குறுக்கிட்டு, அந்த வேலையைத் தானே செய்து முடிவை மட்டும் கேமிடம் தரும்.

இது நன்றாக வேலை செய்யும் இடங்கள் பல. கேம்பாய் அட்வான்ஸுக்கான எம்ஜிபிஏ-வில் இது உள்ளேயே இருக்கிறது. கோப்பு எதுவும் வைக்காமல் திறந்தால் போதும். பிஎஸ்பி-க்கான பிபிஎஸ்எஸ்பிபி முழுவதும் இந்த முறையில்தான் எழுதப்பட்டது, அதற்குப் பயாஸ் என்ற பேச்சே கிடையாது. கேம்கியூபுக்கான டால்ஃபினில் தொடக்க அனிமேஷன் பார்க்க ஆசை இருந்தால் மட்டும் கோப்பு வேண்டும். டிரீம்காஸ்டுக்கான ஃப்ளைகாஸ்டிலும் உள்மாற்று உண்டு. பிஎஸ்1 பக்கம் பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டில் உண்டு. சோனியே 2018-ல் விற்ற பிளேஸ்டேஷன் கிளாசிக் என்ற குட்டிப் பெட்டிக்குள் ஓடியது இந்தத் திறந்த மூல எமுலேட்டர்தான்.

உரிமைப் பக்கமும் இதில் கவலை குறைவு. 1999-ல் கனெக்டிக்ஸ் என்ற நிறுவனம் மேக் கணினிகளுக்கு வர்ச்சுவல் கேம் ஸ்டேஷன் என்று ஒரு பிஎஸ்1 எமுலேட்டரை விற்றது. சோனியின் பயாஸைப் பிரித்துப் பார்த்துப் புரிந்துகொண்டு, தன் சொந்த நிரலை எழுதி அதில் வைத்திருந்தது. சோனி வழக்குப் போட்டது. 2000 பிப்ரவரியில் அமெரிக்காவின் 9-வது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆராய்ச்சிக்காக நகல் எடுத்தது நியாயமான பயன்பாடு, விற்ற பொருளுக்குள் சோனியின் நிரல் இல்லை என்பது சாரம். அடுத்த ஆண்டே சோனி அந்த எமுலேட்டரை விலைக்கு வாங்கி நிறுத்திவிட்டது, அது வேறு கதை.

மறைந்திருக்கும் செலவு சேவ் ஸ்டேட்டில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிஎஸ்1-ல் 2 எம்பி நினைவகத்தின் முதல் 64 கேபி கெர்னலுக்கு உரியது. சேவ் ஸ்டேட் என்பது அந்த நொடியில் நினைவகம் எப்படி இருந்ததோ அப்படியே எடுத்த படம். எச்எல்இ-யில் ஆடி எடுத்த படத்தில் அந்த 64 கேபி ஒரு மாதிரி இருக்கும், உண்மையான பயாஸில் வேறு மாதிரி இருக்கும். பாதி கேம் வரை எச்எல்இ-யில் ஆடிவிட்டு, ஏதோ ஒரு காட்சியில் கேம் உறைந்துபோய், சரி உண்மையான பயாஸுக்கு மாறலாம் என்று மாறினால் பழைய சேவ் ஸ்டேட் திறக்காமல் போகலாம். திறந்தாலும் இரண்டு நிமிடத்தில் விழலாம். எனக்கு ஒருமுறை நடந்தது. முப்பது மணி நேர ஆட்டம், அத்தனையும் சேவ் ஸ்டேட்டில் மட்டும். கேமுக்குள் இருக்கும் மெமரி கார்டு சேமிப்பை ஒருமுறைகூடத் தொட்டிருக்கவில்லை. மெமரி கார்டு கோப்பு 128 கேபி அளவில் தனியாக இருக்கும், அதற்கு எந்தப் பயாஸ் என்ற கவலை கிடையாது. அன்றிலிருந்து கேமுக்குள் சேமிப்பதுதான் முதல் சேமிப்பு, சேவ் ஸ்டேட் வெறும் புக்மார்க்.

இணையம் வழியாக இருவர் சேர்ந்து ஆடுவதாக இருந்தாலும் இதே சிக்கல்தான். ஒருவர் எச்எல்இ, இன்னொருவர் உண்மையான பயாஸ் என்றால் இரு பக்கமும் வெவ்வேறு திசையில் போய்விடும்.

யாருக்கு: கேம்பாய் அட்வான்ஸ், பிஎஸ்பி, கேம்கியூப் ஆடுபவர்களுக்கு யோசிக்கவே வேண்டாம், இதுதான். டிரீம்காஸ்டுக்கும் முதலில் இதையே முயலலாம். பிஎஸ்1-ல் ஒன்றிரண்டு கேம் மட்டும் ஆடிப் பார்க்க நினைப்பவர்களுக்குப் போதும். சாட்டர்னுக்கு யாபாவுஸ் வழிவந்த எமுலேட்டர்களில் இந்த வசதி உண்டு என்றாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன், ஓடாத கேம்கள் அதிகம்.

## வழி 2: திறந்த மூல மாற்றுப் பயாஸ்

எச்எல்இ-க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பலருக்குக் குழப்பம். எச்எல்இ எமுலேட்டரின் ஒரு பகுதி. மாற்றுப் பயாஸோ தனிக் கோப்பு. உண்மையான பயாஸ் போலவே கன்சோலின் செயலி அதை ஓட்டும். எழுதியவர்கள் மட்டும் வேறு.

பிசிஎஸ்எக்ஸ்-ரீடக்ஸ் திட்டத்தினர் எழுதும் ஓபன்பயாஸ் பிஎஸ்1-க்கானது. கேம்பாய் அட்வான்ஸுக்கு கல்ட்-ஆஃப்-ஜிபிஏ பெயரில் ஒன்று உண்டு. நின்டெண்டோ டிஎஸ்-க்கான மெலன்டிஎஸ் இப்படி ஒரு சுதந்திர பயாஸைத் தன்னோடேயே எடுத்துக்கொண்டு வருகிறது. அதனால் முன்பு கட்டாயமாக இருந்த மூன்று கோப்புகள் இன்று சாதாரண டிஎஸ் கேம்களுக்குக் கட்டாயமில்லை. டிஎஸ்ஐ (டிஎஸ்-ன் பிந்தைய மாடல்) பயன்முறைக்கு மட்டும் இன்னும் உண்மையான கோப்புகள் வேண்டும்.

இந்த வழி பழைய வீட்டுக் கணினிகளில் இன்னும் பழுத்திருக்கிறது. எம்எஸ்எக்ஸ்-க்கு சி-பயாஸ், அட்டாரி எஸ்டி-க்கு எமுடாஸ், அமிகாவுக்கு ஆரோஸ் ரோம். ஓபன்எம்எஸ்எக்ஸ் சி-பயாஸுடனேயே வருகிறது. கார்ட்ரிட்ஜ் கேம்கள் ஆடுபவர் உண்மையான ரோமை (அந்தக் கணினியின் சிப்பில் இருக்கும் நிரலை) தேடி அலைய வேண்டியதில்லை.

குறை என்ன? கேம்கள் சில சமயம் உண்மையான பயாஸின் தவறுகளையும் நம்பியிருக்கும். ஒரு செயல்பாடு எத்தனை சுழற்சி எடுக்கும், தவறான எண் கொடுத்தால் என்ன திருப்பித் தரும் என்பதில்கூட. சுத்தமாக எழுதிய மாற்று அந்தத் தவறைச் செய்யாது, கேம் தடுமாறும். சேவ் ஸ்டேட் சிக்கலும் வழி 1-ல் சொன்னதுபோலவே.

யாருக்கு: எமுலேட்டர் பயாஸ் கோப்பு ஒன்று இல்லாமல் நகராது, ஆனால் கையில் கன்சோல் இல்லை என்ற நிலையில் இருப்பவருக்கு. கேம் எழுதிப் பழகுபவருக்கும் நல்லது. தன் நிரலோடு சேர்த்தே பகிரலாம், உரிமம் அனுமதிக்கிறது.

## வழி 3: உற்பத்தியாளரே தருவது

இது பலருக்குத் தெரியாத வழி. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

பிஎஸ்3 எமுலேட்டரான ஆர்பிசிஎஸ்3 ஓட ஃபர்ம்வேர், அதாவது கன்சோலின் உள் மென்பொருள், வேண்டும். அதை சோனி தன் ஆதரவுத் தளத்திலேயே, கன்சோலைப் புதுப்பிப்பதற்காக, எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. சுமார் 200 எம்பி கோப்பு. டவுன்லோடு செய்து, எமுலேட்டரின் மெனுவில் ஃபர்ம்வேர் நிறுவு என்று கொடுத்தால் முடிந்தது. வீட்டா3கே என்ற பிஎஸ் வீட்டா எமுலேட்டருக்கும் இதே கதை. அதற்கு எழுத்துரு தொகுப்பு என்று இரண்டாவது கோப்பு ஒன்றும் வேண்டும்.

இதில் ஒரு பக்கவாட்டுப் பயன் இருக்கிறது. பிஎஸ்3 பழைய பிஎஸ்1 டிஸ்க்குகளை ஓட்டக்கூடியது. அதற்காக அந்த ஃபர்ம்வேருக்குள்ளேயே ஒரு பிஎஸ்1 பயாஸ் இருக்கிறது. ஆர்பிசிஎஸ்3-ல் நிறுவிய பிறகு அது விரித்து வைக்கும் ஃபோல்டர்களில் பிஎஸ்1-எமு என்று பெயர் கொண்டதைத் திறந்தால் அந்தக் கோப்பு கிடைக்கும். டக்ஸ்டேஷன் என்ற பிஎஸ்1 எமுலேட்டர் இதை அடையாளம் கண்டுகொள்ளும். பல எமுலேட்டர்களை ஒரே நிரலுக்குள் தரும் ரெட்ரோஆர்ச்சின் பீட்டில் பிஎஸ்எக்ஸ் கோரில் (அதற்குள் ஓடும் பிஎஸ்1 எமுலேட்டர்) இதற்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது. பிராந்தியப் பாகுபாடும் இல்லை, பிராந்தியத்துக்கு ஒன்றாக மூன்று கோப்புக்குப் பதில் ஒன்று.

இணையத்தின் மூலையில் கிடைக்கும் கோப்பைவிட இது எவ்வளவோ நம்பகமானது, வந்த இடம் தெரியும். ஆனால் சோனி கொடுத்தது பிஎஸ்3-ஐப் புதுப்பிக்க. அதன் பயன்பாட்டு ஒப்பந்தம் எமுலேட்டருக்கென்று எழுதப்பட்டதல்ல. பதிப்புரிமைக் கணக்கில் இதை முழு வெள்ளை என்று சொல்ல மாட்டேன்.

முழு வெள்ளை வேண்டுமென்றால் அமிகாவைப் பாருங்கள். கிளோஆன்டோ நிறுவனம் அமிகா ஃபாரெவர் என்ற தொகுப்பில் கிக்ஸ்டார்ட் ரோம்களை (அமிகாவின் பயாஸ் போன்றவை) உரிமத்தோடு விற்கிறது. இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் ரோம்களின் உரிமையாளராக இருந்த ஆம்ஸ்ட்ராட், அவற்றை எமுலேட்டர்களோடு பகிர 1999-ல் அனுமதி கொடுத்தது. கன்சோல் உலகம் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை.

யாருக்கு: பிஎஸ்3, வீட்டா ஆடுபவர்களுக்கு இதுதான் நேர்வழி. டக்ஸ்டேஷனில் பிஎஸ்1 ஆட நினைத்து, கையில் கன்சோல் இல்லாதவர்களுக்கும். பிஎஸ்2, சாட்டர்ன், சேகா சிடி ஆடுபவர்களுக்கு இங்கே ஒன்றுமில்லை.

## வழி 4: சொந்தக் கன்சோலிலிருந்து எடுப்பது

டம்ப் செய்வது என்பார்கள். சிப்பில் இருக்கும் நிரலை அப்படியே கோப்பாக வெளியே கொண்டுவருவது. பொருத்தத்தில் இதற்கு மேல் எதுவும் இல்லை, அதுதான் உண்மையான நிரல். சொந்தப் பயன்பாட்டுக்கு நகல் எடுப்பதைப் பல நாடுகளின் சட்டங்கள் வெவ்வேறு அளவில் அனுமதிக்கின்றன. பூட்டை உடைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றால் சில நாடுகளில் அது தனிக் குற்றம். உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உழைப்புதான் கன்சோலுக்குக் கன்சோல் மலைக்கும் மடுவுக்கும் போல மாறுகிறது.

பிஎஸ்2 சுலபமானது. நல்ல வேளை, ஏனென்றால் அதற்கு வேறு நல்ல வழி இல்லை. பிசிஎஸ்எக்ஸ்2 என்ற பிஎஸ்2 எமுலேட்டரில் எச்எல்இ கிடையாது. பிளே! என்ற எமுலேட்டர் பயாஸ் இல்லாமல் ஓடும், ஆனால் ஓடும் கேம்களின் பட்டியல் சிறியது. உண்மையான பிஎஸ்2-ல் ஹோம்பிரூ (ஆர்வலர்கள் எழுதும்) நிரல் ஓட்ட ஃப்ரீ மெக்பூட் நிறுவிய மெமரி கார்டு ஒன்று போதும். கடைசியாக வந்த 90000 வரிசை மாடல்களில் பெரும்பாலும் அது வேலை செய்யாது, அதற்கு ஓபன்டூனா உண்டு. 2020-ல் வந்த ஃப்ரீடிவிடிபூட் முறையில் மெமரி கார்டுகூட வேண்டாம், கன்சோலின் டிவிடி பிளேயரில் இருக்கும் ஓட்டையைப் பயன்படுத்தி ஒரு டிவிடி-யிலிருந்தே நுழையலாம். பிறகு பயாஸ்டிரெய்ன் என்ற நிரலை ஓட்டினால் யுஎஸ்பி டிரைவில் கோப்புகள் வந்து விழும். பல கோப்புகள் வரும். பிசிஎஸ்எக்ஸ்2-க்குக் கட்டாயம் வேண்டியது ரோம்0 என்ற அந்த 4 எம்பி கோப்பு. கூடுதல் லாபம்: பிஎஸ்2-வும் பிஎஸ்1 கேம்களை ஓட்டும் என்பதால் டக்ஸ்டேஷன் இதே கோப்பை பிஎஸ்1 பயாஸாக ஏற்றுக்கொள்ளும். ஒரு டம்பில் இரண்டு கன்சோல்.

பிஎஸ்1 நேராக எடுப்பது சற்றே குடைச்சல். 2021-ல் வந்த ஃப்ரீபிஎஸ்எக்ஸ்பூட், டோனிஹேக்ஸ் ஆகியவை மெமரி கார்டு வழியாக நுழைய உதவும். உள்ளே நுழைந்தபின் 512 கேபி-யை வெளியே எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் அடுத்த கேள்வி. மெமரி கார்டின் கொள்ளளவு 128 கேபி, ஒன்றில் அடங்காது. பின்புறம் சீரியல் போர்ட் உள்ள மாடல் என்றால் கேபிள் செய்து கணினியோடு இணைக்கலாம். இத்தனைக்கும் தயாராக இருப்பவர் பெரும்பாலும் எமுலேட்டருக்காகச் செய்வதில்லை, அந்த வேலையின் சுகத்துக்காகச் செய்கிறார்.

கேம்பாய் அட்வான்ஸ் வேடிக்கையானது. பயாஸ் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டுமே பயாஸைப் படிக்க முடியும் என்று பூட்டியிருந்தார்கள். ஆனால் இசைக் குறிப்பை அதிர்வெண்ணாக மாற்றும் ஒரு பயாஸ் செயல்பாடு, கொடுத்த முகவரியைச் சோதிக்காமல் படித்துவிடும். அந்தச் செயல்பாட்டுக்குப் பயாஸின் முகவரியையே கொடுத்து, சிறிது சிறிதாக முழுவதையும் உறிஞ்சினார்கள். பூட்டு போட்டவர் சாவியையும் உள்ளேயே விட்டுவிட்டார். எச்எல்இ இவ்வளவு நன்றாக இருக்கும்போது இன்று இதைச் செய்யத் தேவையில்லை.

டிஎஸ்-ல் ஃப்ளாஷ் கார்டு (சொந்தக் கோப்புகளை ஏற்றி ஓட்டும் கார்ட்ரிட்ஜ்) இருந்தால் ஒரு சிறிய ஹோம்பிரூ நிரலே மூன்று கோப்புகளையும் எடுத்துவிடும்: 16 கேபி, 4 கேபி, ஃபர்ம்வேர் 256 கேபி. டிஎஸ்ஐ, 3டிஎஸ் ஆகியவற்றில் எடுத்தால் ஃபர்ம்வேர் 128 கேபி-தான் வரும், அதில் தொடக்க மெனு இருக்காது. இங்கே ஓர் எச்சரிக்கை: அந்த ஃபர்ம்வேரில் உங்கள் பெயர், பிறந்த நாள், வைஃபை இணைப்பு விவரம்கூட இருக்கும். நண்பர் கேட்கிறாரே என்று அனுப்பி வைக்காதீர்கள்.

டிரீம்காஸ்ட் சிடி-ஆர் ஏற்கும் மாடலாக இருந்தால் ஒரு டிஸ்க் எரித்து நுழைந்துவிடலாம், எஸ்டி கார்டு அடாப்டர் இருந்தால் எடுத்ததை அதில் எழுதிக்கொள்ளலாம். சாட்டர்ன்-க்குத் தனி கார்ட்ரிட்ஜ் அல்லது டிரைவுக்குப் பதில் பொருத்தும் கருவி வேண்டும். ஏற்கெனவே வைத்திருப்பவருக்குச் சுலபம், இல்லாதவருக்கு எல்லா வழிகளிலும் மிகுந்த செலவு இதுதான். பிசி எஞ்சின் சிடி-யில் சிஸ்டம் கார்டு என்ற பயாஸே ஒரு கார்டு வடிவில் தனியாக வந்தது. கார்டுகளைப் படிக்கும் கருவி இருந்தால் கேமை எடுப்பதுபோலவே எடுக்கலாம்.

யாருக்கு: பிஎஸ்2 ஆடும் எல்லோருக்கும். ஒரு கன்சோலின் முழுத் தொகுப்பையும் வருடக்கணக்கில் ஆடப்போகிறவருக்கும். பழைய கன்சோல் ஒன்று அலமாரியில் தூசி பிடித்துக் கிடந்தால், அதன் டிஸ்க் டிரைவ் முழுதாகச் சாவதற்கு முன்னால் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

## வழி 5: இணையத்தில் கிடைப்பதை இறக்குவது

சொல்லாமல் விட்டால் கட்டுரை பாசாங்காகிவிடும். பெரும்பாலானவர்கள் முதலில் தேடுவது இதைத்தான். "எல்லா பயாஸும் ஒரே தொகுப்பில்" என்று கிடைக்கும்.

பயாஸ் பதிப்புரிமை உள்ள மென்பொருள். கன்சோல் சொந்தமாக இருப்பதால் வேறொருவர் எடுத்த நகலை இறக்கும் உரிமை தானாக வந்துவிடுவதில்லை. அதை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் தரம் ஒரு லாட்டரி. பெயர் மாற்றிய கோப்பு, பாதியில் அறுந்த கோப்பு, யாரோ லோகோவைத் திருத்தி வைத்த கோப்பு எல்லாம் கலந்திருக்கும். பயாஸ் என்று தேடியவருக்கு நிறுவல் நிரல் ஒன்று இறங்கினால் அதை இயக்கவே கூடாது. பயாஸ் எப்போதும் வெறும் தரவுக் கோப்பு, அதற்கு நிறுவி தேவையில்லை. நான் இந்த வழியைப் பரிந்துரைக்கவில்லை, சுட்டியும் தர மாட்டேன்.

## கன்சோல் வாரியாக

| கன்சோல் | பயாஸ் கட்டாயமா | நான் எடுக்கும் வழி |
|---|---|---|
| நெஸ், சூப்பர் நெஸ், மெகா டிரைவ், என்64 | இல்லை | எதுவும் வேண்டாம் |
| ஃபேமிகாம் டிஸ்க் சிஸ்டம் | ஆம், 8 கேபி | டம்ப் |
| கேம்பாய் அட்வான்ஸ் | இல்லை | எச்எல்இ |
| டிஎஸ் | மெலன்டிஎஸ்-ல் இல்லை | உள்ளே வரும் மாற்று |
| பிஎஸ்1 | எமுலேட்டரைப் பொறுத்தது | பிஎஸ்3 ஃபர்ம்வேர் அல்லது பிஎஸ்2 டம்ப் |
| பிஎஸ்2 | பிசிஎஸ்எக்ஸ்2-ல் ஆம், 4 எம்பி | டம்ப் மட்டுமே |
| பிஎஸ்பி, கேம்கியூப் | இல்லை | எச்எல்இ |
| பிஎஸ்3, வீட்டா | ஆம் | சோனி தரும் ஃபர்ம்வேர் |
| சேகா சிடி | ஆம், 128 கேபி, பிராந்தியத்துக்கு ஒன்று | டம்ப் |
| சாட்டர்ன் | நடைமுறையில் ஆம், 512 கேபி | டம்ப் |
| டிரீம்காஸ்ட் | ஃப்ளைகாஸ்டில் இல்லை | முதலில் எச்எல்இ |
| 3டிஓ | ஆம், 1 எம்பி | டம்ப் |

## கோப்பு வந்தபின்

வழியை முடிவு செய்வதைவிட இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். கோப்பு சரியாக இருக்கும், வைத்த இடமோ பெயரோ தவறாக இருக்கும்.

ரெட்ரோஆர்ச்சில் எல்லாம் சிஸ்டம் என்ற ஃபோல்டருக்குள் போக வேண்டும். சிலவற்றுக்கு அதற்குள் ஓர் உள் ஃபோல்டர் வேண்டும், டிரீம்காஸ்ட் கோப்புகளுக்கு அது டிசி. ரெட்ரோபை, பட்டோசெரா என்ற எமுலேஷன் தொகுப்புகள் இரண்டிலும் ஃபோல்டரின் பெயரே பயாஸ். நியோ ஜியோ விதிவிலக்கு: அதன் பயாஸ் ஜிப் கோப்பாகவே இருக்க வேண்டும், பிரிக்கக் கூடாது, வழக்கமாக கேம் கோப்புகளின் பக்கத்திலேயே வைப்பார்கள்.

பெயரில் சிறிய எழுத்து, பெரிய எழுத்து வித்தியாசம் லினக்ஸில் முக்கியம். விண்டோஸ் கோப்பின் பின்னொட்டை மறைத்து வைப்பதால் பெயர் மாற்றும்போது பின்னொட்டு இரண்டு முறை ஒட்டிக்கொள்ளும். "பின்" (.bin) என்ற பின்னொட்டு இரண்டு தடவை வந்த கோப்பை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் எமுலேட்டரைத் திட்டியிருக்கிறேன். மறைப்பை நீக்கிவிட்டுப் பெயர் மாற்றுங்கள்.

பிராந்தியமும் கவனிக்க வேண்டியது. பீட்டில் பிஎஸ்எக்ஸ் எதிர்பார்ப்பது ஜப்பானுக்கு 5500, அமெரிக்காவுக்கு 5501, ஐரோப்பாவுக்கு 5502 என்று மாடல் எண் கொண்ட மூன்று கோப்புகள். டக்ஸ்டேஷனுக்குப் பெயர் முக்கியமில்லை, உள்ளடக்கத்தைப் பார்த்தே அது என்ன பதிப்பு என்று கண்டுபிடித்துவிடும். சேகா சிடி-யில் டிஸ்க்கிலேயே பிராந்தியக் குறியீடு இருப்பதால் தவறான பயாஸ் வைத்தால் கேம் தொடங்கவே தொடங்காது.

சரிபார்க்க முதல் சோதனை அளவு. பிஎஸ்1 என்றால் சரியாக 524288 பைட். ஒன்று குறைந்தாலும் கூடினாலும் ஏதோ தவறு. இரண்டாவது எம்டி5 கைரேகை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஓர் அடையாள எண். விண்டோஸின் பவர்ஷெல், லினக்ஸின் டெர்மினல் இரண்டிலும் ஒரு வரிக் கட்டளையில் கிடைக்கும். எமுலேட்டரின் ஆவணத்தில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். ரெட்ரோஆர்ச்சில் கோரை ஏற்றிவிட்டுத் தகவல் பக்கத்தைப் பார்த்தால் எந்தக் கோப்பு இருக்கிறது, எது இல்லை, எது கட்டாயம் என்று அதுவே சொல்லும்.

நீங்களே எடுத்த டம்பின் கைரேகை பட்டியலோடு ஒத்துப்போகவில்லை என்றால் உடனே பதற வேண்டாம். ஒரே கன்சோலுக்குப் பல பயாஸ் பதிப்புகள் வந்தன, உங்களுடையது பட்டியலில் இருப்பதற்கு முந்தையதோ பிந்தையதோ ஆக இருக்கலாம். கன்சோலின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் பார்த்து அதற்குரிய கைரேகையைத் தேடுங்கள். இன்னொரு முறை டம்ப் எடுத்து, இரண்டும் ஒன்றுபோல வருகிறதா என்றும் பாருங்கள். இரண்டும் வேறுவேறாக வந்தால் கேபிளையோ கார்டையோ சந்தேகப்படலாம்.

ஏற்கெனவே ஏதோ ஒரு வழியில் ஆடிக்கொண்டிருந்து இப்போது மாறப்போகிறீர்கள் என்றால், மாறுவதற்கு முன்னால் பழைய அமைப்பிலேயே ஒருமுறை கேமைத் திறந்து, கேமுக்குள் இருக்கும் சேமிப்பு இடத்துக்குப் போய் மெமரி கார்டில் சேமியுங்கள். அந்த மெமரி கார்டு கோப்பை வேறொரு ஃபோல்டரில் நகல் எடுத்து வையுங்கள். அப்புறம் பயாஸை மாற்றுங்கள்.